வான்கோழி விருந்தும் அதன் பின்னே ஒரு நீண்ட வரலாறும்

அமெரிக்காவில் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமையன்று 'தேங்க்ஸ்கிவிங்' எனப்படும் நன்றி நவிலல் நாள் கொண்டாடப்படுகிறது. நமக்குப் பொங்கல் எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வீடு திரும்புவார்கள். விமான நிலையங்கள் நிரம்பி வழியும். பொங்கலுக்குப் பானை போல, அந்த நாளுக்கு வான்கோழி. முழுப் பறவையையும் வெட்டாமல் அப்படியே ஓவனில் வாட்டி, மேசையின் நடுவில் வைத்துத்தான் விருந்து தொடங்கும். அந்த ஒரு நாளில் மட்டும் 4 கோடிக்கும் அதிகமான வான்கோழிகள் சமைக்கப்படுவதாகக் கோழிப்பண்ணைத் துறையினர் கணக்குச் சொல்கிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆண்டில் மற்ற நாட்களில் யாரும் வீட்டில் 15 பவுண்டு, 20 பவுண்டு எடையுள்ள ஒரு பறவையை முழுதாகச் சமைப்பதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே செய்யும் வேலை. பழக்கம் கிடையாது. வீட்டில் கைக்குழந்தை முதல் பாட்டி வரை இருபது பேர் சாப்பிடக் காத்திருப்பார்கள். பறவையின் உள்பகுதி வேகாமல் போனாலோ, மீந்த கறியை மேசையிலேயே விட்டுவிட்டாலோ, மறுநாள் வீடு முழுக்க வயிற்றுப்போக்குதான். சில சமயம் உயிருக்கே ஆபத்து!

இந்த ஆபத்தை அமெரிக்கர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள்? அதைத் தடுக்கும் பொறுப்பு யாருடையது என்று அங்கே எப்படி முடிவானது? வான்கோழியின் கதை உண்மையில் இந்த இரண்டு கேள்விகளின் கதையே ஆகும்.

பறவை வந்த வழி

வான்கோழி அமெரிக்கக் கண்டத்துப் பறவை. இன்றைய மெக்சிகோ பகுதியில் வாழ்ந்த மக்கள் சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதை வீட்டுப் பறவையாக வளர்த்தனர். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். புதிய பறவை எங்கிருந்து வந்தது என்று சரியாகத் தெரியாத ஆங்கிலேயர் அதற்குத் துருக்கியின் பெயரையே வைத்தார்கள். துருக்கியரோ அதை இந்தியாவோடு சேர்த்து 'ஹிந்தி' என்று அழைக்கிறார்கள்! இந்தியாவுக்கும் அது விரைவிலேயே வந்து சேர்ந்தது. 1612இல் கோவாவிலிருந்து முகலாயப் பேரரசர் ஜஹாங்கீருக்குக் கொண்டுவரப்பட்ட வான்கோழியை அவருடைய அரசவை ஓவியர் மன்சூர் படமாக வரைந்தார்.

தேங்க்ஸ்கிவிங்கின் தொடக்கமாகச் சொல்லப்படுவது 1621ஆம் ஆண்டு பிளிமத் குடியேற்றத்தில் நடந்த அறுவடை விருந்து. இங்கிலாந்திலிருந்து வந்து முதல் குளிர்காலத்தைத் தாண்டி உயிர் பிழைத்த ஐம்பது பேரும், அந்த மண்ணின் மக்களான வாம்பனோக் இனத்தவர் தொண்ணூறு பேரும் மூன்று நாட்கள் கூடி உண்டார்கள். எட்வர்ட் வின்ஸ்லோ எழுதிய கடிதம் ஒன்றில் அந்த விருந்து பற்றிய குறிப்பு உள்ளது. பறவை வேட்டைக்கு நான்கு பேர் சென்றதையும், வாம்பனோக்கினர் ஐந்து மான்கள் கொண்டுவந்ததையும் அவர் எழுதியிருக்கிறார். வான்கோழி என்று அவர் குறிப்பிட்டுச் சொல்லவில்லை.

வான்கோழி அந்த மேசைக்கு உறுதியாக வந்து சேர்ந்தது 19ஆம் நூற்றாண்டில்தான். அதற்குப் பெரிதும் காரணமானவர் சாரா ஜோசஃபா ஹேல் என்ற பெண் பத்திரிகை ஆசிரியர். 1827இல் வெளியான தம் நாவலிலேயே மேசையின் தலைமாட்டில் வாட்டிய வான்கோழி வீற்றிருக்கும் தேங்க்ஸ்கிவிங் விருந்தை அவர் வர்ணித்தார். இதை நாடு முழுவதற்குமான விடுமுறையாக அறிவிக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் விடாமல் எழுதி வந்தார். உள்நாட்டுப் போரின் நடுவே 1863இல் அதிபர் ஆபிரகாம் லிங்கன் அதற்கான அறிவிப்பை வெளியிட்டார். நவம்பரின் நான்காம் வியாழன் என்று சட்டம் உறுதி செய்தது 1941இல்.

குளிரே காவல்

குளிர்சாதனப் பெட்டி இல்லாத அந்தக் காலத்தில் இவ்வளவு பெரிய பறவையை எப்படிக் கெடாமல் வைத்திருந்தார்கள்? விடை எளிது: உயிரோடு வைத்திருந்தார்கள்!

19ஆம் நூற்றாண்டில் வெர்மான்ட் மாநிலத்து உழவர்கள் ஆயிரக்கணக்கான வான்கோழிகளை ஆட்டு மந்தை போல ஓட்டிக்கொண்டு பாஸ்டன் நகரம் வரை நடந்தார்கள். பயணம் பல நாட்கள் நீடிக்கும். பொழுது சாய்ந்தால் பறவைகள் கிடைத்த மரத்தில் ஏறி உட்கார்ந்துவிடும். அதன் பிறகு விடியும் வரை யாராலும் அவற்றை நகர்த்த முடியாது. சந்தைக்கு வந்த பிறகே அவை அறுக்கப்பட்டன. வாங்கியவர் ஓரிரு நாளில் சமைத்துவிடுவார்.

நவம்பர் மாதமும் கைகொடுத்தது. வடகிழக்கு அமெரிக்காவில் அப்போது நல்ல குளிர் தொடங்கிவிடும். அறுத்த பறவையைக் கொட்டகையிலோ சூடேற்றாத அறையிலோ தொங்கவிட்டால் சில நாட்கள் தாங்கும். அங்கே அறுவடை விருந்து குளிர்காலத்தின் வாசலில் வருவது இந்த வகையில் ஒரு பெரிய பாதுகாப்பு ஆகும்.

பிறகு பனிக்கட்டி வந்தது. மாசசூசெட்ஸ் ஏரிகளில் குளிர்காலத்தில் உறையும் பனியை அறுத்தெடுத்து, மரத்தூள் போட்டுப் பொதிந்து, கப்பலில் ஏற்றி விற்கலாம் என்று ஃபிரெடரிக் டியூடர் என்ற பாஸ்டன் வணிகர் 1806இல் காட்டினார். 1833இல் அவருடைய பனிக்கட்டி கல்கத்தாவுக்கு வந்தது. சென்னைக் கடற்கரையில் அதைச் சேமிக்க 1842இல் கட்டப்பட்ட 'ஐஸ் ஹவுஸ்' தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். சென்னையில் வெள்ளைக்காரத் துரைமார்களின் பானத்தைக் குளிர்வித்த அதே ஏரிப் பனி, அமெரிக்க வீடுகளில் இறைச்சியைக் காத்தது. மரப்பெட்டிக்குள் தகரம் அடித்து, மேல்தட்டில் பனிக்கட்டியை வைத்து, கீழ்த்தட்டில் உணவை வைப்பார்கள். 'ஐஸ் பாக்ஸ்' என்று அதற்குப் பெயர். வீடு வீடாகப் பனிக்கட்டி போட ஆட்கள் வந்து போனார்கள்.

ஆனால் குளிர் ஏன் உணவைக் காக்கிறது என்று அந்தத் தலைமுறைக்குத் தெரியாது. கெட்டுப்போன இறைச்சியில் உருவாகும் ஒருவகை நச்சுப் பொருளே உடலைக் கெடுக்கிறது என்று 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி மருத்துவர்கள் நம்பினார்கள். அதை 'டோமெய்ன்' என்றார்கள். அழுகல் நாற்றம் வந்தால்தான் ஆபத்து, நாற்றம் இல்லையென்றால் சாப்பிடலாம் என்பது இதிலிருந்து பிறந்த எண்ணம். இந்த எண்ணம் இன்றும் பல சமையலறைகளில் உயிரோடு இருக்கிறது.

கிருமி அகப்பட்டது

1885இல் அமெரிக்க வேளாண்மைத் துறையில் டேனியல் சால்மன் என்ற கால்நடை மருத்துவரும் அவருக்குக் கீழ் பணிபுரிந்த தியோபால்ட் ஸ்மித்தும் நோயுற்ற பன்றிகளில் ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள். கண்டவர் பெரும்பாலும் ஸ்மித் தான். பெயர் மேலதிகாரிக்குப் போனது! 1900இல் அந்தப் பாக்டீரியா குடும்பத்துக்கு 'சால்மோனெல்லா' என்று பெயரிடப்பட்டது. சால்மன் மீனுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

பன்றிக் காய்ச்சலுக்கு இதுவே காரணம் என்று அவர்கள் நினைத்தது பின்னர் தவறென்று தெரிந்தது. ஆனால் மனிதருக்கு இந்தக் கிருமிக் குடும்பத்தால் என்ன கேடு என்பது 1888இல் ஜெர்மனியில் வெளிப்பட்டது. ஃபிராங்கன்ஹௌசன் என்ற ஊரில் நோயுற்ற ஒரு பசுவின் இறைச்சியைத் தின்று ஐம்பதுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர், ஒருவர் இறந்தார். அந்த இறைச்சியிலும் இறந்தவரின் உடலிலும் ஒரே பாக்டீரியா இருப்பதை ஆகஸ்ட் கார்ட்னர் என்ற ஆய்வாளர் காட்டினார். உணவு நஞ்சாவது அழுகலால் மட்டுமல்ல, பார்வைக்கும் மூக்குக்கும் நல்லதாகத் தெரியும் இறைச்சியிலும் உயிருள்ள கிருமி இருக்க முடியும் என்பது அப்போது நிரூபணமானது.

வான்கோழி, கோழி போன்ற பறவைகளின் குடலில் சால்மோனெல்லா பறவைக்கு எந்த நோயும் தராமலேயே வாழக்கூடியது. அறுக்கும்போதும் குடலை எடுக்கும்போதும் அது இறைச்சியின் மேல் ஒட்டிக்கொள்கிறது. நல்ல ஆரோக்கியமான பறவையாக இருந்தாலும் அதன் பச்சை இறைச்சியைச் சந்தேகத்தோடு கையாள வேண்டியிருப்பது இதனால்தான்.

சட்டம் மறந்த பறவை

1906இல் அப்டன் சின்க்ளேர் எழுதிய 'தி ஜங்கிள்' நாவல் வெளியானது. சிகாகோ இறைச்சித் தொழிற்சாலைகளின் அசுத்தத்தை விவரித்த அந்த நூல் நாட்டையே உலுக்கியது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் இறைச்சி ஆய்வுச் சட்டம் நிறைவேறியது. மாடு, ஆடு, செம்மறி, பன்றி ஆகியவற்றை அரசு ஆய்வாளர் பார்த்த பிறகே விற்க முடியும் என்ற நிலை வந்தது.

அந்தப் பட்டியலில் கோழியும் வான்கோழியும் இல்லை. அப்போது கோழி வளர்ப்பு ஒரு பெரிய தொழில் அல்ல. பண்ணை வீட்டுப் பெண்கள் கொல்லையில் வளர்த்து, பக்கத்து ஊரில் விற்பது. வாங்குபவர் பெரும்பாலும் உயிரோடு பார்த்தே வாங்கினார். நகரங்களுக்கு வந்த பறவைகளில் பல 'நியூயார்க் டிரெஸ்டு' முறையில் வந்தன. அதாவது இரத்தத்தையும் இறகையும் மட்டும் நீக்கிவிட்டு, குடல் உள்ளேயே இருக்க விற்பது. குடலை எடுக்கும் வேலை கசாப்புக் கடைக்காரருக்கோ வீட்டுப் பெண்ணுக்கோ உரியது.

1924இல் நியூயார்க் பகுதியில் பறவைக் காய்ச்சல் பரவிய பிறகு, 1926இல் அரசு ஆய்வு தொடங்கியது. அது விரும்பினால் மட்டும் செய்துகொள்ளும் ஆய்வு, கட்டாயம் இல்லை. இதற்கிடையில் கோழித் தொழில் கொல்லையை விட்டுத் தொழிற்சாலைக்குப் போய்விட்டது. முதலில் அடி வாங்கியவர்கள் தின்றவர்கள் அல்லர், தொழிலாளர்கள்தான். 1948இல் டெக்சாஸ் மாநிலத்தில் வான்கோழி அறுக்கும் ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்குப் பறவைகளிடமிருந்து 'சிட்டகோசிஸ்' என்ற நுரையீரல் நோய் தொற்றியது. 1950களிலும் இது திரும்பத் திரும்ப நடந்தது. இறைச்சி வெட்டும் தொழிலாளர்களின் சங்கம் கட்டாய ஆய்வு வேண்டுமென்று போராடியது. அதன் பலனாக 1957இல் கோழி இறைச்சிப் பொருட்கள் ஆய்வுச் சட்டம் வந்தது. மாட்டிறைச்சிக்குக் கிடைத்த பாதுகாப்பு வான்கோழிக்குக் கிடைக்க அரை நூற்றாண்டு பிடித்திருக்கிறது!

உறைந்த வான்கோழி

சட்டம் தூங்கிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் தொழில்நுட்பம் ஓடியது. 1910களில் கனடாவின் லாப்ரடார் பகுதியில் தங்கியிருந்த கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ, அங்கே பிடித்த மீன் கடுங்குளிரில் நொடியில் உறைவதையும், மாதங்கள் கழித்து இளகிய பின்னும் சுவை மாறாமல் இருப்பதையும் கவனித்தார். விரைவாக உறைந்தால் சிறு பனித்துகள்களே உருவாகும், இறைச்சியின் திசு கிழியாது என்பதே இதன் இரகசியம். அவர் உருவாக்கிய முறையில் தயாரான உறைந்த உணவு 1930இல் கடைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீடுகளில் ஃபிரிட்ஜும் அதில் உறைபெட்டியும் சாதாரணமாகிவிட்டன.

இடையில் ஒரு வேடிக்கை. அந்நாளைய பெரிய வான்கோழிகள் நகர வீடுகளின் சிறிய ஓவனிலும் சிறிய ஐஸ் பெட்டியிலும் நுழையவில்லை. எனவே 1930களில் மேரிலாந்து மாநிலத்தின் பெல்ட்ஸ்வில் ஊரில் இருந்த அரசு ஆய்வு நிலையம், சிறிய உடலும் வெள்ளை இறகும் கொண்ட ஒரு புதிய இனத்தை உருவாக்கத் தொடங்கியது. 'பெல்ட்ஸ்வில் ஸ்மால் ஒயிட்' எனப்பட்ட அந்தப் பறவை சில காலம் நாடெங்கும் விற்றது. பிறகு ஃபிரிட்ஜும் ஓவனும் பெரிதாயின. தொழிற்சாலைகளும் உணவகங்களும் பெரிய பறவையைக் கேட்டன. 1970களில் அந்தச் சின்னப் பறவை சந்தையிலிருந்து மறைந்தே போனது.

உறைந்த பறவை பழைய ஆபத்துகளைக் குறைத்து ஒரு புதிய ஆபத்தைக் கொண்டுவந்தது. பனியில் கிருமி சாவதில்லை, உறங்கும். கல் போல இருக்கும் 20 பவுண்டு பறவையைச் சமையல் மேடையில் இரவு முழுக்க வைத்தால், நடுப்பகுதி பனியாகவே இருக்கும்போது மேல்பகுதி அறையின் வெப்பத்துக்கு வந்துவிடும். உறங்கிய கிருமி அங்கே விழித்துப் பெருகும்.

அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்லும் முறை இது: ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், 40 டிகிரி ஃபாரன்ஹீட் (சுமார் 4 டிகிரி செல்சியஸ்) குளிரில் வைத்து இளக்க வேண்டும். ஒவ்வொரு 4 முதல் 5 பவுண்டுக்கும் ஒரு நாள் தேவை. அப்படியானால் 20 பவுண்டு பறவைக்கு நான்கைந்து நாட்கள். வியாழக்கிழமை விருந்துக்குச் சனி அல்லது ஞாயிறே எடுத்து வைக்க வேண்டும். மறந்துவிட்டவர்கள், நீர் புகாத பையில் கட்டிக் குளிர்ந்த நீரில் மூழ்க வைக்கலாம். ஒரு பவுண்டுக்கு அரை மணி நேரம் என்பது கணக்கு. அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். 20 பவுண்டுக்குப் பத்து மணி நேரம்! இப்படி இளக்கியதை உடனே சமைத்துவிட வேண்டும்.

'புதியது' என்ற சொல்லிலும் ஒரு சண்டை நடந்தது. ஒரு காலத்தில் கல்லாக உறைந்த கோழியையும் வான்கோழியையும் கூடப் புதியது என்று அச்சிட்டு விற்க முடிந்தது. 1997 டிசம்பர் முதல், 26 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் (சுமார் மைனஸ் 3 செல்சியஸ்) கீழே போகாத பறவையை மட்டுமே அப்படி அழைக்கலாம் என்று விதி வந்தது.

எத்தனை டிகிரி?

வெந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பழைய சமையல்காரர்கள் காலை ஆட்டிப் பார்த்தார்கள். முள்கரண்டியால் குத்தி வடியும் சாற்றின் நிறத்தைப் பார்த்தார்கள். இவை எதுவும் நம்பகமானவை அல்ல. நன்கு வெந்த இறைச்சி சில சமயம் இளஞ்சிவப்பாகவே இருக்கும். வேகாத இறைச்சி வெளுத்தும் தெரியும்.

1960களில் கலிபோர்னியாவில் வான்கோழிக்குள் செருகும் ஒரு சிறிய கருவி உருவானது. அதன் உள்ளே ஒரு துளி உலோகக் கலவை இருக்கும். குறிப்பிட்ட வெப்பத்தில் அது உருகியதும் உள்ளே அழுத்தி வைத்திருக்கும் ஸ்பிரிங் விடுபட்டு, சிவப்புக் குச்சி ஒன்று வெளியே எட்டிப் பார்க்கும். கட்டடங்களின் கூரையில் உள்ள தீயணைப்புத் தெளிப்பான்களைப் பார்த்து இந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். அது செருகிய ஓர் இடத்தின் வெப்பத்தை மட்டுமே காட்டும். எனவே தொடையின் உள்பகுதி, இறக்கையின் உள்பகுதி, நெஞ்சின் தடித்த பகுதி என மூன்று இடங்களில் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்க்கச் சொல்கிறார்கள்.

2006 வரை முழுப் பறவைக்கு அரசு சொன்ன அளவு 180 டிகிரி ஃபாரன்ஹீட் (82 செல்சியஸ்). அந்த ஆண்டில் அது எல்லாக் கோழியினப் பகுதிகளுக்கும் ஒரே அளவாக 165 டிகிரி (74 செல்சியஸ்) ஆனது. சால்மோனெல்லாவைக் கொல்ல அதுவே போதும் என்று ஆய்வுகள் காட்டின. பல அளவுகளை விட ஒரே அளவு நினைவில் நிற்கும் என்பதும் ஒரு நன்மை. பறவையின் வயிற்றுக்குள் ரொட்டித் துண்டுகளை மசாலாவோடு அடைத்து வாட்டினால், அந்தக் கலவையின் நடுவும் 165 டிகிரியைத் தொட வேண்டும். பச்சை இறைச்சியின் சாறு முழுவதும் அதில்தான் இறங்குகிறது. வெப்பம் கடைசியாகப் போய்ச் சேரும் இடமும் அதுதான்.

ஓவனின் சூடும் 325 டிகிரிக்குக் (சுமார் 163 செல்சியஸ்) குறையக் கூடாது. மிகக் குறைந்த தீயில் இரவு முழுக்க வைத்துவிட்டுத் தூங்கப் போகும் பழக்கம் சில வீடுகளில் இருந்தது. அதில் பறவை மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும். கிருமிக்கு விருந்து வைப்பது போலத்தான் அது.

சமைப்பதற்கு முன் பறவையைக் குழாயடியில் கழுவுவதும் தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கமே. ஆனால் கழுவினால் கிருமி போகாது, தெறிக்கும். 2019இல் வேளாண்மைத் துறை வெளியிட்ட ஓர் ஆய்வில், கோழியைக் கழுவியவர்களில் 60 விழுக்காட்டினரின் தொட்டியில் பிறகு பாக்டீரியா தங்கியிருந்தது. 26 விழுக்காட்டினர் அதைத் தாங்கள் செய்த பச்சைக் காய்கறி சாலட்டுக்கே கொண்டு சேர்த்துவிட்டார்கள். கழுவாதவர்களிலும் பலரது சாலட்டில் பாக்டீரியா இருந்தது. கையைச் சரியாகக் கழுவாததே காரணம். கழுவ வேண்டியது பறவையை அல்ல, கையை.

இத்தனை குழப்பங்களுக்கு யாரைக் கேட்பது? 1981இல் பட்டர்பால் என்ற வான்கோழி நிறுவனம் ஆறு மனையியல் வல்லுநர்களை உட்காரவைத்து ஒரு தொலைபேசி உதவி மையம் தொடங்கியது. முதல் ஆண்டிலேயே 11,000 அழைப்புகள் வந்தன. 1985இல் வேளாண்மைத் துறையும் தனக்கென ஓர் உதவி எண்ணைத் தொடங்கியது. பாட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட வித்தையை, பாட்டி பக்கத்தில் இல்லாத காலத்தில், தொலைபேசியில் கேட்டுக்கொண்டார்கள்.

மிச்சத்தில் இருக்கும் ஆபத்து

நன்றாக வெந்தால் எல்லாம் முடிந்தது என்று எண்ணக் கூடாது. 1940களிலும் 1950களிலும் இன்னொரு கிருமியின் குணம் தெரியவந்தது. அமெரிக்காவில் மெக்கிளங் 1945இலும், இங்கிலாந்தில் பெட்டி ஹாப்ஸும் அவருடன் பணிபுரிந்தோரும் 1953இலும் வெளியிட்ட ஆய்வுகள், வேகவைத்து மெதுவாக ஆறவிட்ட இறைச்சியில் இன்று 'கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ்' எனப்படும் பாக்டீரியா பெருகி நோய் தருவதைக் காட்டின.

இது தந்திரமான கிருமி. வெப்பம் ஏறும்போது கெட்டியான உறைக்குள் வித்தாக மாறிப் பதுங்கிக்கொள்ளும். கொதிநீரிலும் சாகாது. சூடு ஆறும்போது வித்து முளைக்கும். போட்டிக்கு மற்றக் கிருமிகள் இல்லாததால் வேகமாகப் பெருகும். தகுந்த வெப்பம் கிடைத்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அண்டா நிறைய கிரேவி, ஆழமான பாத்திரத்தில் குவித்த கறி, இவை மெதுவாகத்தான் ஆறும். அமெரிக்காவில் இந்தக் கிருமியால் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் பேர் நோயுறுவதாக மதிப்பீடு உள்ளது. நவம்பரிலும் டிசம்பரிலும், அதாவது விருந்துக் காலத்தில், இதன் தொற்றுகள் அதிகம்.

2016 தேங்க்ஸ்கிவிங் அன்று கலிபோர்னியாவின் ஆன்டியோக் நகரில் ஏழைகளுக்காக நடந்த ஓர் இலவச விருந்தில் உண்டவர்களில் பலர் நோயுற்றனர், மூவர் உயிரிழந்தனர். காரணம் இந்தக் கிருமியே என்று சுகாதாரத் துறை கண்டது. நோயுற்றவர்களில் பெரும்பாலோர் வான்கோழியும் மசித்த உருளைக்கிழங்கும் உண்டிருந்தார்கள். அன்போடு சமைத்துப் போட்ட விருந்து அது. எண்ணம் நல்லதாக இருப்பது மட்டும் போதாது என்பதற்கு இதைவிட வேதனையான சான்று வேண்டாம்.

விதி எளியதுதான். சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் கறியை எலும்பிலிருந்து பிரித்து, ஆழமில்லாத சிறு பாத்திரங்களில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். அடைத்த கலவையைத் தனியாக எடுத்துவிட வேண்டும். மூன்று நான்கு நாட்களுக்குள் தின்று முடிக்க வேண்டும். இல்லையென்றால் உறைய வைக்க வேண்டும். மறுபடி சூடாக்கும்போது மீண்டும் 165 டிகிரி.

பொறுப்பு யாருடையது?

இவ்வளவு விதிகளையும் கவனித்தால் ஒன்று புரியும். எல்லாமே சமைப்பவரை நோக்கிச் சொல்லப்பட்டவை. கிருமியோடு பறவையை விற்றவருக்கு என்ன பொறுப்பு?

இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போனது. பச்சை இறைச்சியிலும் கோழியிலும் சால்மோனெல்லா இருக்கலாம் என்று எச்சரிக்கை அச்சிட வேண்டும் என அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கம் வேளாண்மைத் துறைக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. 1974இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வீட்டில் சமைக்கும் பெண்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர், முறையாகச் சமைத்தால் கிருமி சாகும் என்பதே தீர்ப்பின் சாரம். கேட்பதற்குப் பாராட்டு போல இருக்கிறது. உண்மையில் முழுச் சுமையையும் அந்தப் பெண்களின் தலையிலேயே ஏற்றியது.

1993இல் சரியாக வேகாத ஹாம்பர்கரால் குழந்தைகள் இறந்த பிறகு காற்று மாறியது. 1994இல் பச்சை இறைச்சிப் பொட்டலங்களில் பாதுகாப்புக் குறிப்பு கட்டாயமானது. அதே ஆண்டு, அந்தக் குழந்தைகளைக் கொன்ற ஈ.கோலை வகை, அரைத்த மாட்டிறைச்சியில் இருந்தாலே அது கலப்பட உணவு, விற்கக் கூடாது என்று அறிவிக்கப்பட்டது. 1996இல் தொழிற்சாலைகள் ஆபத்தான கட்டங்களைக் கண்டறிந்து கட்டுப்படுத்த வேண்டும் என்ற விதி வந்தது. ஆனால் பச்சை வான்கோழியில் உள்ள சால்மோனெல்லாவுக்கு அந்தக் கண்டிப்பு வரவில்லை.

அதன் விளைவுகளைப் பார்க்கலாம். 2011இல் சால்மோனெல்லா காரணமாக அரைத்த வான்கோழி இறைச்சி சுமார் 3.6 கோடி பவுண்டு திரும்பப் பெறப்பட்டது. 2017 முதல் 2019 வரை வான்கோழி வழியே பரவிய சால்மோனெல்லா 42 மாநிலங்களில் 350க்கும் மேற்பட்டோரைத் தாக்கியது; ஒருவர் இறந்தார். அந்தத் தொற்று ஒரே ஆலையிலிருந்து வந்ததல்ல, தொழில் முழுவதும் பரவியிருந்தது. 2024 ஆகஸ்டில், குறிப்பிட்ட அளவுக்கு மேல் சால்மோனெல்லா உள்ள பச்சைக் கோழி, அரைத்த வான்கோழி ஆகியவற்றை விற்கத் தடை விதிக்கும் ஒரு திட்டத்தை வேளாண்மைத் துறை முன்வைத்தது. 2025 ஏப்ரலில் அந்தத் திட்டம் திரும்பப் பெறப்பட்டது. பொறுப்பு மீண்டும் சமையலறைக்கே வந்துவிட்டது.

முடிவாக

வெர்மான்ட் உழவரின் வான்கோழி நடந்தே சந்தைக்கு வந்தது. வாங்கியவர் அதன் கண்ணைப் பார்த்து நலமா நோயா என்று அறிந்தார். இன்றைய பறவை எங்கோ ஒரு ஆலையில் அறுபட்டு, உறைந்து, பிளாஸ்டிக் உறைக்குள் வருகிறது. தூரம் கூடக் கூட, கண்ணால் அறிய முடியாததை அறியக் கருவியும் விதியும் சட்டமும் தேவைப்பட்டன. தெர்மாமீட்டரும் ஃபிரிட்ஜும் கடிகாரமும் சமைப்பவரின் பங்கு. அதைச் செய்யாமல் இருக்க எந்தச் சாக்கும் இல்லை. ஆனால் பறவையைச் சுத்தமாக வளர்த்து, சுத்தமாக அறுத்து அனுப்புவது விற்பவரின் பங்கு. ஒரு பக்கம் தன் பங்கைக் குறைத்துக்கொண்டால், அந்தக் குறை மறுபக்கத்தின் தட்டில்தான் வந்து விழும்.

கோழிக்கறி நம் ஊர்களிலும் இன்று கடையிலிருந்து உறையில் வரத் தொடங்கிவிட்டது. திருமண வீடுகளில் பிரியாணி அண்டா மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. அமெரிக்கரின் ஒரு நாள் விருந்து நூறாண்டுகளில் கற்ற பாடம் நமக்கும் பயன்படும்: சூடானதைச் சூடாக வை, குளிர்ந்ததைக் குளிர்ச்சியாக வை, இரண்டுக்கும் நடுவில் நீண்ட நேரம் விட்டுவைக்காதே. விருந்தினரை உபசரிப்பதில் இதுவும் ஒரு பகுதியே ஆகும்.